கிரீடத்துல பச்சைக் கல்லு

ஏங்க,

சோறு வடிச்சாச்சு. கருவாட்டுக் குழம்பு சட்டியில இருக்கு. பூனை வரும், ஊத்திக்கிட்டு மூடி வையுங்க.

உங்க ஆபீஸ் நாடகத்துக்கு நீங்க செஞ்ச அட்டைக் கிரீடத்தைப் பார்த்தேன். டி.வி. நாடகத்துல ராஜா வச்சிருக்கிறது மாதிரியே இருக்கு. அது இடது பக்கம் கோணலா இருக்குன்னு இதையும் கோணலாவே ஒட்டியிருக்கீங்க. எல்லாஞ் சரி, நடுக்கல்லு பச்சைன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நம்ம டி.வி. கறுப்பு வெள்ளையாச்சே!

எனக்குத் தெரிஞ்சு கலர் டி.வி. வண்டியூர்ல உங்க தங்கச்சி முத்துத்தாய் வீட்லதான் இருக்கு. என் வளைகாப்புல அம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய வாய்க்கு வந்தபடி வஞ்சவ. அவ வாசலை மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுனது நீங்கதான். ஆனா டி.வி.ல ஆறு மணிக்கு அந்த ராஜா நாடகம் போடுற புதன்கிழமை மட்டும் ரெண்டு வாரமா ஆபீஸ்ல வேலைன்னு லேட்டா வாரீங்க.

இன்னைக்கும் புதன்கிழமை. கிரீடத்தை எடுத்துக்கிட்டு வண்டியூர் போறேன். அது சரியான பச்சைதானான்னு நானும் பார்த்துட்டு வாரேன்.

அழகம்மாள்

இன்னொண்ணு. இந்தச் சீட்டை ஆறு மணிக்குள்ள படிச்சீங்கன்னா என் சந்தேகம் தப்பு, வயிறாரச் சாப்பிடுங்க. படிக்கலைன்னா, அங்கன உங்க பக்கத்து நாற்காலியில நான்தான் உக்காந்திருப்பேன்.