மிதிக்காத பெடல்

வேனையும் வீட்டையும் சத்தம் போட்டே ஓட்டிய என் ஆசை அண்ணாவுக்கு,

உன் தொலைபேசி எண் இப்போது ஒரு சிங்களப் பெண்ணிடம் இருக்கிறது. பழக்கதோஷத்தில் அழுத்திவிட்டால் "கவுத?" என்று கேட்கிறாள். யாரென்று நான் என்ன சொல்ல? அதனால்தான் இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். உனக்குக் கேட்காவிட்டாலும் எங்கள் கொட்டாஞ்சேனைச் சனத்துக்காவது கேட்கட்டும்.

உன் வேனின் பழுதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

பழைய காபுரேற்றர் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் எஞ்சினை நீயே பூட்டினாயே, ஒழுங்கைச் சனமே கூடி நின்று பார்த்தது. அன்றிலிருந்து சூட்டில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் வராது. கறுப்புப் புகை, உள்ளே பெற்றோல் மணம். கேட்டால், "புது எஞ்சினடி, செட்டாகட்டும்" என்பாய். செட்டாகவில்லை அண்ணா. நீதான் போய்விட்டாய்.

அன்று மத்தியானம் வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலில் இறங்கும்போதே நெஞ்சைத் தடவினாய். வாயு என்றாய். ஆஸ்பத்திரிக்கு நான் வேனை எடுத்தேன். காலி வீதியில் பாமசியைக் கண்டதும் வாயுவுக்குச் சோடா வேண்டுமென்று நிறுத்தச் சொன்னாய். "எஞ்சினை ஓஃப் பண்ணு, சும்மா பெற்றோல் எரியும்." சோடாவோடு நான் திரும்பி வந்தபோது ஸ்டார்ட் வரவில்லை.

"மிதிக்காதை! மிதிச்சா பெற்றோல் குடிச்சிடும்!"

நான் பெடலை மிதிக்கவில்லை. சாவியை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ஓட்டோ பிடிப்பம் அண்ணா."

"என்ர வேனை ரோட்டில விட்டிட்டோ?"

பிறகு உனக்குக் கதைக்க முடியாமல் வந்தது. ரோட்டில் நின்றவர்களும் நானுமாக ஓட்டோவில் உன்னைத் தூக்கிப் போட்டோம். அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உனக்குக் கொஞ்சம் நினைவும் பேச்சும் திரும்பியிருந்தன. அவரிடம் என்ன சொன்னாய்? ஒரு செபம் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். "இவள் மிதிச்சிட்டாள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாய்.

செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அம்மா அதைச் சொன்னார். இப்போதும் சொல்கிறார். நான் ஊற்றும் தேத்தண்ணியைக் குடிப்பதில்லை. "என்ர பிள்ளை சாகிற நேரத்தில பொய் சொல்லுமோ?" என்று கேட்கிறார். சொல்லும் அம்மா, நன்றாகவே சொல்லும்.

கிருலப்பனையில் ஒரு கராஜ்காரர் பெற்றோல் பம்பை மாற்றினார், பிளக்கை மாற்றினார். ஒன்றும் சரிவரவில்லை. போன கிழமை நானே பொனற்றைத் திறந்து, பெற்றோல் அழுத்தத்தை அளவாக வைத்திருக்கும் ரெகுலேற்றரின் மேலிருந்த சின்ன ரப்பர் குழாயை இழுத்தேன். காற்று மட்டும் போக வேண்டிய குழாய். பெற்றோல் சொட்டியது. உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்திருக்கிறது. எஞ்சினோடு கிழிந்தபடியே வந்ததை அப்படியே பூட்டியிருக்கிறாய். வேனை நிறுத்தும் நேரமெல்லாம் பெற்றோல் அந்தக் குழாய் வழியே போய் எஞ்சினை மூழ்கடித்திருக்கிறது. ஒரே ஒரு தடவை நீ அதை இழுத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

இதைவிடப் பெரிய பகிடி ஒன்று இருக்கிறது, கேள். மிதித்தால் பெற்றோல் குடிப்பது நீ கழற்றி எறிந்த காபுரேற்றர் எஞ்சின். இது இன்ஜெக்டர் எஞ்சின். மூழ்கிப்போன இன்ஜெக்டர் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். பெடலைத் தரைவரை மிதித்துப் பிடித்துச் சாவியைத் திருப்ப வேண்டும். திருப்பிப் பார்த்தேன். கறுப்பாய் ஒரு புகை கக்கிவிட்டு ஸ்டார்ட் ஆனது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். எஞ்சினை மாற்றத் தெரிந்த உனக்கு உன் வாயை மாற்றத் தெரியவில்லையே அண்ணா.

புது ரெகுலேற்றர் வாங்கிவிட்டேன், இன்னும் பூட்டவில்லை. பழுது அதுவரை அப்படியே இருக்கட்டும். உன் ஆண்டுப் பூசை முடிந்ததும் அம்மாவை இந்த வேனில்தான் ஏற்றுவேன், கத்தினாலும் ஏற்றுவேன். கொட்டாஞ்சேனையிலிருந்து மத்தியான வெயிலில் ஓட்டி வந்து, அதே பாமசிக்கு முன்னால் எஞ்சினை அணைப்பேன். போய் ஒரு சோடா வாங்கி வருவேன். பிறகு அம்மா பார்த்துக்கொண்டிருக்க, தரைவரை மிதிப்பேன்.

ஸ்டார்ட் வரும். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் சொல்வழி கேட்ட தங்கச்சி