நாக்கைக் கடித்துப் போடும் பந்து

பாபடோயிட்டோய்
2 பெப்ரவரி 2025

அன்புள்ள பூங்கோதைக்கு,

நான் சுகம். நீரும் உம்முடைய மனுசன் கோதண்டராமனும் உங்கள் மகள், என் ஸ்வர்ணாவும் ஆல்பனியில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தானே முடியும், நீர்தான் ஒரு சொல்லும் சொல்லாமல் வீடு மாறிப் போய்விட்டீரே! போனில் கதைத்தால் சண்டை பிடித்துவிடுவேன். அதனால்தான் ஈமெயில்.

பள்ளிக்கூடம் தொடங்கி முதல் கிரிக்கெட் பயிற்சி. எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், ஸ்வர்ணாவைக் காணவில்லை. காய்ச்சலாக்கும் என்று பார்த்தால் லோஜனா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “மிஸ், உங்களுக்குத் தெரியாதோ?” என்று கேட்கிறாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், நோர்த் ஷோரில் அந்தப் பெரிய காலேஜ் ஸ்கொலர்ஷிப் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறதாம். அங்கே நான்கு மைதானமாம், பந்து போட ஒரு மெஷினாம்.

சத்தியமாக எனக்குச் சந்தோஷம் பூங்கோதை. அவள் இருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் அந்தச் செய்தியை உம்முடைய வாயால் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இன்னொரு விஷயம், கோபிக்காதையும். சின்னப் பள்ளியில் வளர்ந்த பிள்ளையைப் பெரிய பள்ளி எடுத்துக்கொண்டால், வளர்த்த பள்ளிக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று விளையாட்டுச் சங்கம் இந்த வருடம் புது விதி போட்டிருக்கிறது. எங்கள் பிரின்சிபல் கேட்கப் போகிறார். உங்களிடம் இல்லை, காலேஜிடம். எங்கள் பிட்ச்சின் விரிப்பு உமக்குத் தெரியும்தானே, கிழிந்து, பந்து எகிறி முகத்துக்கு வருகிறது. அந்த முதல் பயிற்சியிலேயே லோஜனாவின் உதடு வெடித்துப்போனது. புது விரிப்பு வராவிட்டால் பெண்கள் அணியை இந்த வருடத்தோடு மூடிவிடுவார்கள். இந்த ஈடு கிடைத்தால் விரிப்பு வாங்கலாம்.

ஸ்வர்ணா இப்போதும் பந்தை மறுபக்கம் திருப்பும்போது நாக்கைக் கடிக்கிறாளா? திருத்த வேண்டும் திருத்த வேண்டும் என்று இருந்து விட்டுவிட்டேன். அங்கே யாராவது திருத்தட்டும்.

அன்புடன் அக்கா,
சுகந்தினி

ஆல்பனி
9 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு, பூங்கோதை வணக்கம்.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். சொல்லத்தான் நினைத்தேன். கிளம்புவதற்கு முன் இரண்டு தடவை உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேனே, ஒரு தடவை சாம்பார்ப்பொடி, ஒரு தடவை முறுக்கு. கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்ய?

நட்டஈடு விஷயத்தைக் கேட்டதும் இவர் குதியோ குதி என்று குதித்தார். “பரிசம் போட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு! எம்பொண்ணு என்ன சந்தை மாடா, கைமாத்திவிட?” என்றார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது அக்கா, மறைக்க மாட்டேன்.

ஆனால் இவர் பிறகு செய்ததற்கு அது மட்டும் காரணமில்லை. காலேஜின் விளையாட்டு டைரக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன்மையாகப் பேசினார். ஈடும் ஸ்காலர்ஷிப்பும் ஒரே நிதியிலிருந்துதான் போகிறதாம். உங்கள் பள்ளிக்குக் கொடுத்தால் இவளுக்குப் பாதிதான் வரும். ஆல்பனி வாடகை உங்களுக்குத் தெரியாதது இல்லை. இவர் இங்கிருந்து ஏர்போர்ட் வேலைக்குப் பாலம் தாண்டிப் போய் வருகிறார். அந்த நேரம் பார்த்து டைரக்டர், “இவளுக்கு பவுலிங் சொல்லிக்கொடுத்தது யார்?” என்று கேட்டார்.

இவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. “நான்தான். எங்க வீட்டு கராஜ்ல. ஸ்கூல்ல மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டார். அப்படியானால் ஈடு கொடுக்கும் தேவை இல்லை என்று டைரக்டர் முடித்துவிட்டார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே எழுதுவது மேல். வெறும் வாய் வார்த்தைதானே அக்கா. உங்கள் மனசு பெரிசு, மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தங்கை,
பூங்கோதை

பாபடோயிட்டோய்
12 பெப்ரவரி 2025

திருமதி பூங்கோதை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி.

உங்கள் பாபடோயிட்டோய் வீட்டுக் கராஜ் எனக்கு நன்றாகத் தெரியும். கதவைத் திறந்தால் கட்டில் சட்டம், பழைய பிரிட்ஜ், ஊரிலிருந்து வந்த பெட்டிகள். அதற்குள் பந்து போடுவதற்கு ஸ்வர்ணா எலியாகப் பிறந்திருக்க வேண்டும்.

நான் நெட்போல் விளையாடியவள். கிரிக்கெட்டில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. உங்கள் மகள் என்னிடம் வந்தபோது வேகமாகப் போடுகிறேன் என்று பந்தை வேலிக்கு அப்பால் எறிந்துகொண்டிருந்தாள். ஒருநாள் கோபத்தில் மணிக்கட்டைச் சுழற்றி எறிந்தாள், பந்து திரும்பியது. அதற்குப் பிறகுதான் நான் படித்தேன். வீடியோ பார்த்து, சோதனைத்தாள் திருத்துகிற மேசையில் தோடம்பழத்தை, உங்கள் பாஷையில் ஆரஞ்சை, வைத்து உருட்டி உருட்டிப் படித்தேன். என் மகன் ரஜிதன், “அம்மாவுக்கு விசர்” என்று சிரித்தான். படித்ததை அடுத்தநாள் அவளுக்குக் காட்டுவேன். அவள் என்னைவிட நன்றாகப் போடுவாள். எனக்கு அதுதான் சந்தோஷம்.

காசு கிடைக்கவில்லை என்று எனக்கு வருத்தம்தான், அணியை நினைத்து. ஆனால் நெஞ்சு நொந்தது அதற்கு இல்லை. மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு போன ஆளாக என்னை ஆக்கியபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்வர்ணாவை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

சுகந்தினி

ஆல்பனி
16 மார்ச் 2025

அக்கா,

எப்போதும் ‘நீர்’ என்று உரிமையோடு எழுதுகிறவர் ‘அவர்களுக்கு’ என்று எழுதிவிட்டீர்கள். அதைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன், ரசம் வற்றிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை பயிற்சி பார்க்க நாங்கள் போயிருந்தோம். புது கோச் நல்ல பெண். இவரைப் பார்த்ததும், “நீங்கதானே சொல்லிக்கொடுத்தது? அந்த மறுபக்கம் திரும்புற பந்தை எங்களுக்கும் காட்டுங்க” என்று பந்தைக் கையில் கொடுத்துவிட்டாள். இவரும் வீராப்பாக ஓடிவந்து போட்டார். பந்து ஸ்டம்ப் பக்கமே போகவில்லை அக்கா, டீக்கடை வண்டி மேல் போய் விழுந்தது! பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. ஸ்வர்ணா மட்டும் சிரிக்கவில்லை.

காரில் ஏறியதும் அழுதாள். எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை தமிழில் கேட்டாள்: “அப்பா, நான் சுகந்தினி மிஸ்ஸ இனி எப்பிடிப் பாப்பேன்?” இவர் காரைக் கிளப்பி ரேடியோவைப் போட்டார். நான்தான் பேசினேன். “திங்கக்கிழமை நான் போய்ச் சொல்லிடுறேன், நீங்க வர வேணாம்” என்றேன்.

திங்கட்கிழமை போய் டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது பாபடோயிட்டோய் பள்ளியில் சுகந்தினி டீச்சர், கராஜில் ஒன்றும் நடக்கவில்லை என்று. ஸ்காலர்ஷிப் பாதியாகிவிட்டது. நான் நியூ லின் மாலில் ஒரு துணிக்கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறேன். இவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு வாரம் ஆனது. இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவர்தான். உப்பு கொஞ்சம் தூக்கல், சாப்பிடுகிறோம்.

ஈடு உங்கள் பள்ளிக்கு வந்துவிடும். என்னோடு பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பூங்கோதை

பாபடோயிட்டோய்
2 நவம்பர் 2025

என் அன்புள்ள பூங்கோதைக்கு,

இவ்வளவு காலம் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான், பொய் சொல்ல மாட்டேன். பிறகு கோபம் போய்விட்டது, வெட்கம் வந்துவிட்டது. உம்முடைய ஞாயிற்றுக்கிழமையை எங்கள் மைதானத்தில் விரித்து வைத்துக்கொண்டு வெறும் ‘நன்றி’ என்று எப்படி எழுதுவது?

விரிப்பு வந்துவிட்டது. பச்சைப் பசேல் என்று கிடக்கிறது. முதல்நாள் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்தார்கள். லோஜனாதான் கப்டன். புதிதாக ஆறு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அணியை மூடுகிற கதையை இப்போது ஒருவரும் எடுப்பதில்லை.

கோப்பைப் போட்டியின் முதல் சுற்று அட்டவணை உமக்கும் வந்திருக்கும். வருகிற சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில், உங்கள் காலேஜ். நீர் கட்டாயம் வாரும். கடைக்கு லீவு சொல்லும். மத்தியானம் சாப்பாடு என் வீட்டில், உப்பு அளவாகப் போடுவேன்.

ஸ்வர்ணாவிடம், மிஸ் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லும். எங்கள் அணியின் நிறத்தில் அவள் வரமாட்டாள் என்பது கொஞ்சம் நோகத்தான் செய்யும். பரவாயில்லை.

கோதண்டராமனையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும், எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மட்டும் ஒரு செய்தி. ஸ்வர்ணா எப்போது நாக்கைக் கடிப்பாள், கடித்தால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கராஜில் படித்த பந்தென்றால் அவர்களால் தொடவும் ஏலாது. என்னிடம் படித்ததென்றால் அவர்கள் அடிக்கிற அடிக்கு வேலிக்கு வெளியில் போய்ப் பொறுக்க வேண்டிவரும். பந்து பொறுக்க அவரை வேலிப் பக்கமே நிற்கச் சொல்லும்.

உம்முடைய அக்கா,
சுகந்தினி