முதலாளி கேட்ட சிப்பி

11 ஜூன் 1973, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அழைப்பிதழ் மாதிரியில் விருந்தாளி பெயர் வரும் இடத்தில் ‘திரு. செல்வதுரை அவர்கள்’ என்று என் பெயரையே எழுதி, கண்ணாடி முன் நின்று, அதைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். திரும்பினால் கிரேசி. “உங்கள யாரு கூப்பிடுதா? அழைப்பு வரையுதவனுக்கு அடுப்படியிலகூட இலை போட மாட்டாவ.” தாலி கட்டிய பாவம்.

உப்புக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன் கப்பல்காரர்களுக்குக் கிளப்பில் விருந்து வைக்கிறார். நாற்பதே பேர், கோட்டு இல்லாதவனுக்கு வாசல் இல்லை. அழைப்பு எங்கள் அச்சகத்தில், அதை வடிவமைத்து வரைவது நான். முத்துச்சிப்பி ஓடு இரண்டைப் பட்டுநூலால் கட்டியிருக்கும். அவிழ்த்தால் உள்ளே விசிறி மடிப்பில் வெள்ளித்தாள், அதில் எழுத்து. நிஜச் சிப்பிதான் வேண்டுமாம் முதலாளிக்கு. பெரிய மனுஷன் கேட்டால் மாட்டேன் என்பதா?

12 ஜூன்

கரையில் ஒதுங்கிய சிப்பியெல்லாம் ஓரம் உடைந்த பொக்கைவாய். சங்கு குளிக்கிற சிலுவையிடம் போனேன்.

“கச்சான் காத்து அடிக்கி அண்ணாச்சி, கடல் கலங்கிக் கெடக்கு. போதாக்குறைக்குச் சளி வேற. மூக்கடைப்போட முங்குனா காது போயிரும்.”

“ஏலே, மூக்கச் சிந்திட்டு முங்கு. இல்லன்னா பொண்டாட்டிய அனுப்பு.”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். சிலுவை சிரிக்கவில்லை. “நாளைக்குப் போறேன்” என்றான்.

13 ஜூன்

சிப்பி வந்துவிட்டது. சிலுவையை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். காதில் ரத்தம்.

14 ஜூன்

பாயில் கிடக்கிறான். தலையை நிமிர்த்தினால் வாந்தி. தண்ணீருக்குள் மேலே எது, கீழே எது என்றே தெரியவில்லையாம். வள்ளத்திலிருந்த மரியான் கயிற்றை இழுத்திராவிட்டால்—

வலப்பக்கம் உட்கார்ந்து பேசினேன். பதிலில்லை. இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். ஏதாவது வேடிக்கை சொல்லலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை.

அவன் மனைவி சூசையம்மா கேட்டாள்: “யாருக்கு அண்ணாச்சி இந்தச் சிப்பி?”

“முதலாளி கேட்டாரும்மா. நான் என்ன செய்ய?”

23 ஜூன்

நேற்று விருந்து. பரிமாறப் போன தேவபிரசாதம் வழியில் நிறுத்திச் சொன்னான். வாசலில் காட்டுவதற்கு எல்லோரும் அழைப்பைக் கையோடு கொண்டுவந்தார்களாம். “ஒங்க சிப்பி ரொம்ப உபயோகம் அண்ணாச்சி. சிகரெட்டுச் சாம்பல அதுலதான் தட்டுனாவ.”

நானும் சிரித்தேன். சிரித்துப் பழகிய முகம், கேட்காமலே சிரிக்கிறது.

3 ஜூலை

வலது காது போய்விட்டது. இனி ஒரு தரம் முங்கினாலும் திரும்ப மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு என்ன தொழில் தெரியும் அவனுக்கு? எழுந்து நடக்கவே சுவரைப் பிடிக்கிறான். கிரேசி தினமும் கஞ்சி கொண்டுபோகிறாள். என்னோடு பேசுவதில்லை. ஏன் இப்படிப் பார்க்கிறாள்? நானா முங்கச் சொன்னேன்? நான்தான் சொன்னேன். ஆனால் கேட்டது முதலாளி.

5 ஜூலை

சூசையம்மா அச்சகத்துக்கே வந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“முதலாளிகிட்ட நானே போயி நியாயம் கேக்கப் போறேன். சிப்பிதான் வேணும்னு அவர் எழுதுன கடுதாசி இருக்கும்லா? அதக் குடுங்க அண்ணாச்சி.”

“தேடிப் பார்க்கிறேன்” என்றேன். நாளை வருகிறேன் என்று போயிருக்கிறாள்.

தேட ஒன்றுமில்லை. மேசை இழுப்பறையில் மேலாகவே கிடக்கிறது. முதலாளி கைப்பட எழுதிய ஒரே வரி: ‘சாதாரண வெள்ளை அட்டை போதும்.’