பதினான்கு விநாடி

என் சின்னவனுக்கு, அக்கா எழுதுவது.

நாங்கள் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி மழைக்கு முதல் நாள் வந்து, மழை பெய்ததும் போய்விடுகிறது. வானிலை அறிக்கை கேட்பதையே விட்டுவிட்டோம். மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் "நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லி ஆறு நாளைகள் ஆகிவிட்டன. உன் மனைவிக்கு இருமல் நின்றதா?

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் என்றால் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். நீ நாலு முறை "ஆமாக்கா" என்பாய். அதோடு முடிந்துவிடும். இந்த விஷயம் அப்படி முடியக்கூடாது.

உன் படகோட்டி நாடகத்தை இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று என் மகள் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் பெரிய அரங்கில் ஐந்து கேமரா வைத்து எடுத்தார்களே, அதுதான். அவளே வந்து தொலைக்காட்சியில் எதையெதையோ அழுத்தி, எந்தப் பொத்தானை எப்போது தொட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரையும் டிரில் மாஸ்டரையும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவையும் கூப்பிட்டிருந்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஜன்னல் துணிகளை இழுத்துவிட்டு, கூடத்தையே ஒரு சின்ன அரங்கமாக்கினேன். டிரில் மாஸ்டர் வறுத்த கடலைப் பொட்டலத்தோடு வந்தார். "டிக்கெட்டைக் காட்டினாத்தான் உள்ள விடுவீங்களா டீச்சர்?" என்று வாசலிலேயே கேலி.

ஏன் கூப்பிட்டேன் தெரியுமா? உன் பாட்டைக் கேட்பதற்கு மட்டும் இல்லை. ஆரம்பிக்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிட்டேன்: "கடைசிப் பாட்டுல இவன் வரியை மறந்துட்டு முழிப்பான். அப்ப மூணாவது வரிசையிலேருந்து ஒரு குரல் கேக்கும். அது நான்தான்."

அன்று நடந்தது உனக்குத் தெரியாததில்லை. ஆனால் நான் சொல்லிச் சொல்லி அதன் உருவத்தையே மாற்றிவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி ஒருமுறையாவது எழுதிப் பார்க்கிறேன்.

அது பகல் காட்சி. வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள்: இன்று படம் பிடிக்கிறோம், சத்தம் போட வேண்டாம் என்று. பக்கத்து இருக்கைக்காரர் மிட்டாய்த் தாளைப் பிரித்தபோது நான்தான் அவரை முறைத்து அடக்கினேன். கடைசிக் காட்சி. படகோட்டியின் அண்ணன் போன படகு திரும்பி வரவில்லை என்று ஊரே பாடுகிறது. வாத்தியமெல்லாம் ஒரே வெட்டாக நிற்கிறது. நீ கையில் கயிற்றோடு நிற்கிறாய். "கயிறு இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்று நீ பாட வேண்டும். நீ பாடவில்லை. ஒத்திகை நாட்களில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வசன நோட்டைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டவள் நான். அந்த நோட்டில் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி. முப்பத்தொரு வருஷம் பள்ளி ஆண்டுவிழாவில் திரைக்குப் பின்னால் நோட்டும் கையுமாக நின்ற பழக்கம் எனக்கு. என்னையறியாமல், "கயிறு... கயிறு இன்னும்..." என்று எடுத்துக்கொடுத்துவிட்டேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. வகுப்பறைக் குரல் மெதுவாக வருமா? கடைசி வரிசைவரை போயிற்று. அரங்கமே சிரித்தது. நீ பாடி முடித்தாய்.

பிறகு நான் வெளியே வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் உனக்காக இரண்டு மணி நேரம் நின்றேன். வந்தவனிடம் "மேக்கப் கலைக்க இவ்ளோ நேரமாடா? நல்லவேளை நான் இருந்தேன், இல்லேன்னா மானம் போயிருக்கும்" என்றேன். நீ "ஆமாக்கா. உள்ள தண்ணி வரல, அதான் லேட்டு" என்றாய்.

அன்றிலிருந்து இந்தக் கதையைச் சொல்லாத இடம் கிடையாது. உன் மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளில், அத்தனை பேர் நடுவில், நடித்தே காட்டினேன். அன்றைக்குத்தான் உன் மச்சான் உனக்கு "மறதி மன்னன்" என்று பேர் வைத்தார். இன்றும் உன் பெண்டாட்டி வீட்டில் உன்னை யாராவது பாடச் சொன்னால் இன்னொருவர் "நோட்டை எடுத்துட்டு வாங்கப்பா" என்கிறார்கள். நீயும் சேர்ந்து சிரிக்கிறாய். அதற்குப் பிறகு நீ நடித்த எந்த நாடகத்துக்கும் எங்களுக்கு டிக்கெட் வரவில்லை. "பெரிய ஆளாயிட்டான், அக்காவெல்லாம் இப்ப கண்ணுக்குத் தெரியாது" என்று இதே கணக்கு டீச்சரிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கடைசிப் பாட்டு வந்தது. வாத்தியம் நின்றது. நீ கயிற்றைப் பிடித்தபடி நின்றாய். கேமரா மெல்ல உன் பக்கம் நகர்ந்தது. என் குரலுக்காக நான் காத்திருந்தேன். மூன்று பேரும் காத்திருந்தார்கள். குரல் வரவில்லை. நீ கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தாய். அதன் முனையில் கட்ட ஒன்றுமே இல்லாததுபோல் கையில் சேர்த்துக்கொண்டே வந்தாய். டிரில் மாஸ்டர் கடலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் நீ பாடினாய். அந்த வரி அவ்வளவு கனமான வரி என்று எனக்கு அன்றுவரை தெரியாது. நூறு முறை நோட்டில் பார்த்தவள்.

கணக்கு டீச்சர் திரும்பி, "எங்கடி மறந்தான்? மறந்தவன் மாதிரியா இருக்கு?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது வேற நாள் எடுத்ததா இருக்கும்" என்றேன். அந்த நேரத்திலும் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

நாடகம் முடிந்தபின் அதை எடுத்த விதத்தையும் காட்டினார்கள். எந்தப் பொத்தானில் அதை நிறுத்துவது என்று தாளில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அதில் உங்கள் இயக்குநர் சொல்கிறார்: அன்று பார்வையாளர் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டதாம். கூட்டம் கலைந்தபின் எல்லோரையும் திரும்ப உடை மாற்றச் சொல்லி, வாத்தியக்காரர்களை வாசலிலிருந்து கூப்பிட்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் அந்த ஒரு காட்சியை மறுபடி எடுத்தார்களாம். நான் வெளியே நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரம். உள்ளே தண்ணீர் வராத இரண்டு மணி நேரம்.

சத்தம் போட்டது யார் என்று உன்னைக் கேட்கிறார்கள். நீ சிரித்துக்கொண்டே, "யாரோ, என் மேல அக்கறை உள்ளவங்க" என்கிறாய். அந்த மௌனத்தை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். "நான் படிச்ச ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருந்தாங்க. கேள்வி கேட்டுட்டு சும்மா நிப்பாங்க. பதில் தெரியாத பையன்கூட அந்த நேரத்துல தலைநிமிர்ந்து நிப்பான். அதைத்தான் எடுத்துக்கிட்டேன்" என்கிறாய்.

டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்து, "டீச்சர், அது நீங்கதானே?" என்றார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

சின்னவனே, புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகளிடம் நான் எப்போதும் ஒன்று சொல்வேன். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள், பிள்ளை யோசிக்கிறது என்று நம்புங்கள் என்பேன். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பத்து எண்ணினேன். அவர்கள் போனபின் உன் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டி எண்ணிப் பார்த்தேன். பதினான்கு விநாடி. அன்று அரங்கில் நான் ஆறுகூடப் பொறுத்திருக்க மாட்டேன்.

ஏன் பொறுக்கவில்லை என்று யோசித்தேன். பழக்கம் என்று மேலே எழுதியது பாதிதான் உண்மை. நான் வேலையில் சேர்ந்த வருஷம், உனக்குப் பத்து வயது, பள்ளி விழாவில் மேடையேறி நாலு வரியையும் மறந்துவிட்டு நின்றாயே, ஞாபகம் இருக்கும். அன்று தலைமையாசிரியை என் பக்கம் சாய்ந்து, "உங்க தம்பியா?" என்று கேட்டார். "தூரத்துச் சொந்தம்" என்றேன். இதை மாமாவிடம்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நீ எந்த மேடையில் ஏறினாலும், எப்போது விழுவாய் என்றுதான் உள்ளுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அக்கறை என்று நான் சொல்லிக்கொண்டேன். நீயும் அதே பேரைச் சொல்லி என்னை விட்டுவிட்டாய்.

விடைத்தாள் திருத்தும்போது சரியான விடையைத் தப்பென்று அடித்துவிட்டால், பிள்ளையைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அந்தக் கோட்டை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது போதாது. திங்கட்கிழமை காலை கணக்கு டீச்சர் வீட்டுக்கும் டிரில் மாஸ்டர் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய், அவன் மறக்கவில்லை, கெடுத்தது நான்தான் என்று சொன்னேன். கணக்கு டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "காபி குடிக்கிறியா?" என்றாள். உன் மாமனாருக்கும் போன் செய்தேன். உன் மச்சான் போனை வாங்கி, "அப்ப பேரை மாத்திடறோம் அக்கா" என்று சிரித்தார். "சிரிக்காதீங்க, அடுத்த தடவை எல்லாரும் கூடும்போது நானே எழுந்து நின்னு சொல்றேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லவும் செய்வேன்.

அடுத்த மாதம் உன் புது நாடகம் அரங்கேறுகிறது என்று உன் மனைவி மாமாவிடம் சொன்னாளாம். டிக்கெட் கேட்டு இதை எழுதவில்லை. மாமாவுக்கு மட்டும் அனுப்பினாலும் அது நியாயம்தான். பாட்டென்றால் அவருக்கு உயிர், பாவம். அவர் வாயே திறக்கமாட்டார் என்று உனக்கே தெரியும்.

நன்றாகப் பாடு. நின்று நிதானமாகப் பாடு. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்து, எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவும் அவசரப்படாதே. நான் சும்மா இருக்கிறேன். எண்ணக்கூட மாட்டேன்.

உன் தூரத்துச் சொந்தம் இல்லாத,
அக்கா