அப்பா சத்தத்தைக் குறைக்காத நாள்

என் அன்பு வாயாடிக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே முழு நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியை எட்டு மாதத்துக்கு மேலாக உன்னிடம் மறைத்துவிட்டோம். போனில் சொன்னால் என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் கடிதம், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

போன வருடக் கடைசியில் அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் பத்தே நாளில் சரியாகிவிட்டன, வலது கை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு மந்திரி மாதிரி நின்றது அதனால்தான், நீ வேறு அப்பா ஸ்டைல் ஆகிட்டார் என்று மெச்சினாய். பயிற்சியை ஒரு வாரம் செய்தார், பிறகு இந்த வயசுல மூளை எதையும் கத்துக்காது என்று அவரே டாக்டராகித் தீர்ப்பு எழுதிவிட்டார். இத்தனை வருடம் சோறு போட்ட மைக் செட்டை உன் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுவதாகவும் முடிவு. சித்தப்பாவுக்கு எந்த ஒயர் எந்த ஓட்டையில் போகும் என்று தெரியாது, அது வேறு கதை.

கடைசி வேலையாக அவர் ஒப்புக்கொண்டது, மூளை எப்படி மாறுகிறது என்று விஞ்ஞானிகள் கூடிப் பேசும் இரண்டு நாள் மாநாடு. ஒயர் சுருட்ட நானும் போனேன். அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியுமே, பேசுகிறவர் நேரம் தாண்டினால் பட்டென்று அணைக்க மாட்டார், சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார், பேசுகிறவரும் தன் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் இப்படி நாலு பேரை உட்கார வைத்தார். எனக்கு எலி படம் ஓடியதுதான் ஞாபகம், பாதி நேரம் தூங்கிவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா பேசினார். பக்கவாதம் வந்த கையைப் பற்றித்தான் பேச்சு. நல்ல கையைக் கட்டிப்போட்டுவிட்டு முடியாத கையை வேலை வாங்கினால் மூளை வேறு வழி போட்டுக்கொள்ளுமாம், எல்லோருக்கும் இல்லை, ஆனால் நிறைய பேருக்கு. நேரம் முடிந்தது, மாநாட்டுச் செயலாளர் குறைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அப்பா கூட்டினார். செயலாளர் இரண்டு கையையும் ஆட்டினார். அப்பா இன்னும் கூட்டினார், கடைசி வரிசையில் தூங்கியவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் தாமதம், பசியில் விஞ்ஞானிகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதோடு விட்டாரா, தன் மேசை மைக்கிலேயே, எட்டு மாசம் ஆயிடுச்சும்மா, இனிமே வருமா என்று கேட்டுவிட்டார். யாருக்கும் காட்டாத கையை அத்தனை பேர் முன்னால் தூக்கினார், மார்பு வரைதான் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா இறங்கி வந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, லேட்டுதான், ஆனா விரல் அசையுது, உங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க என்றார்.

நம் டாக்டரும் சரி என்றார். முதல் நாள் அவசரத்தில் முடியாத கையையே கட்டிக்கொண்டு, அரை நாள் முழுக்க எல்லா வேலையும் சுளுவாக வருகிறதே என்று பெருமைப்பட்டார் உன் அப்பா. இப்போது மூன்று வாரமாக நல்ல கைக்குத்தான் தடித்த உறை. பல் தேய்த்தால் பேஸ்ட் புருவத்தில் இருக்கிறது. ஒரு பட்டன் போட இருபது நிமிடம், நான் உதவக் கூடாதாம், என் கை துறுதுறுக்கிறது. நேற்று டம்ளர் வாய்வரை போனது, பாதி சட்டைக்கு. சித்தப்பாவை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

நீ வேலையை விடாதே, லீவு கிடைக்கும்போது வா. வேளைக்குச் சாப்பிடு. மறைத்ததற்குத் திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே. வீடியோவில் எடுத்த எடுப்பில் கையைப் பார்க்காதே, முகத்தைப் பார். நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

கீழே கோணல்மாணலாக இருப்பது அப்பா வலது கையால் எழுதியது. இரண்டு தாள் கிழிந்தது, இது மூன்றாவது.

இப்படிக்கு,
உன் அம்மா

ஒன்று. இரண்டு. மூன்று. கேட்கிறதா?
அப்பா