நக்கோவுக்குள் ஒரு வரி

இன்று மதியம் உன் மகளின் லாப்டாப் திரையில் உன் வார்த்தை வந்து நின்றது. நக்கோவை மூடுவதற்குள் கோப்பு முடிந்துபோயிற்று என்று, நாம் பக்கம் கட்டப் பழகிய லேடெக் மென்பொருள் ஆங்கிலத்தில் அலுத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் எந்த மென்பொருளுக்கும் நக்கோ தெரியாது. இதற்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இது இன்னும் உன் பாஷையில் திட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, நம்பு.

ஹப்சிகுடா அலுவலகத்தில் நம் நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வெளிநாட்டுக் கணித இதழ்களுக்குப் பக்கம் கட்டும் வேலை. நான் கல்யாணமாகி மதுரையிலிருந்து உப்பலுக்கு வந்த புதிது. நீ பக்கத்தில் சிக்கந்தராபாத்திலேயே பிறந்தவள். உன் வீட்டுத் திருநெல்வேலித் தமிழில் இந்த ஊர் இந்தி இஷ்டத்துக்குக் கலந்திருக்கும். முதல் நாளே, "டீ குடிக்கியாட்டி?" என்று கேட்டாய். நான் தயங்கியதைப் பார்த்து, "ஹவ்வா, நக்கோவா?" என்றாய். வேண்டுமா வேண்டாமா என்றுதான் கேட்டிருக்கிறாய். அது எனக்குப் புரிவதற்குள் டீ ஆறிவிட்டது.

லேடெக்கில் நமக்கு வேண்டிய கட்டளையை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். நீ உருவாக்கியது நக்கோ. அந்த வார்த்தையைத் தட்டி, அடைப்புக்குறிக்குள் எதைப் போட்டாலும் அது கோப்பில் இருக்கும், அச்சில் வராது. பிழை எங்கே என்று தெரியாவிட்டால் பாதி அத்தியாயத்தை நக்கோவுக்குள் தள்ளிவிட்டு ஓட்டிப் பார்ப்பாய். ஓடினால் பிழை அந்தப் பாதியில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை வெளியே எடுக்க மறந்து, ஒரு பேராசிரியரின் கட்டுரை முக்கியமான தேற்றமே இல்லாமல் அவர் பார்வைக்குப் போய்விட்டது. கட்டுரை இப்போது சுருக்கமாக, அழகாக இருக்கிறது, ஆனாலும் என் தேற்றத்தைத் திருப்பித் தர முடியுமா என்று அவர் எழுதினார். மேலாளர் முன்னால் இருவரும் தலையைத் தொங்கப் போட்டு நின்றோம். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நான் பதற்றக்காரி. பிழை வந்தால், அது காட்டும் வரியையே முறைத்துக்கொண்டிருப்பேன். நீ நாற்காலியோடு உருண்டு வருவாய். "ஏட்டி, கைக்கு டென்ஷன்? அது கத்துற இடத்துல தேடாத. மேல போய்ப் பாரு." கைக்கு என்றால் எதற்கு என்று அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. மேலே எங்கோ ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருப்பேன். இயந்திரமும் இதோ மூடுவாள், அதோ மூடுவாள் என்று பக்கம் பக்கமாகப் பொறுத்திருந்து, கடைசியில்தான் அலறும். உன் உடம்பும் அப்படித்தான் செய்தது. இடுப்பு வலிக்கிறது என்று நீ வாய்விட்டுச் சொன்னபோது நோய் வேறெங்கோ தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், மடியில் தலையணையை வைத்து அதன்மேல் லாப்டாப்பை வைத்து, மகளின் ஆய்வேட்டுக்கு நீயே கோப்பு தயார் செய்தாய். படுக்கச் சொல்லித் திட்டினேன். "அவளுக்கு மார்ஜின்கூட வைக்கத் தெரியாதுட்டி" என்றாய்.

அந்தக் கோப்பைத்தான் இன்று என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றியாக வேண்டும். தவறினால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், கிடைத்திருக்கும் வேலையும் போய்விடும். எழுத வேண்டியதை எல்லாம் எழுதி முடித்துவிட்டாள், கோப்புதான் ஓடமாட்டேன் என்கிறது. பிழை கடைசி வரியில் என்று அது சொன்னதால் கடைசி அத்தியாயத்தையே தோண்டித் தோண்டிக் கண் வீங்கிப்போயிருந்தாள்.

நான் மேலே போனேன். முதல் அத்தியாயத்தையும் தாண்டி நன்றியுரைக்குப் போனேன். அங்கே இருந்தது உன் நக்கோ. திறக்கும் அடைப்புக்குறி இருந்தது. அதற்குள் தமிழில், 'அம்மா நீ போட்டு குடுத்த பைல்ல தான் நான்' என்று ஒரு வரி. அந்த 'நான்' என்பதோடு நின்றுபோயிருந்தது. வாக்கியமும் முடியவில்லை, அடைப்புக்குறியும் மூடவில்லை. அதனால் மொத்த ஆய்வேட்டையும் நக்கோ விழுங்கியிருந்தது.

"இங்க இருக்கும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள், உனக்குத் தெரியுமே. "தெலுசு ஆன்ட்டீ. ஓப்பன் சேயலேகபோயானு." தெரியுமாம். அந்தப் பக்கத்தைத் திறக்கத்தான் முடியவில்லையாம்.

அந்த இடத்தில் ஓர் அடைப்புக்குறியைத் தட்டினால் போதும், கோப்பு ஓடிவிடும். அந்த வரியும் யார் கண்ணிலும் படாது. விரலை விசையின் மேல் வைத்துக்கொண்டு, "உள்ளயே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் என் விரலை விசையிலிருந்து நகர்த்தினாள்.

"நக்கோ வத்து ஆன்ட்டீ" என்றாள். 'வேண்டாம்' வேண்டாமாம். நீ இருந்திருந்தால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பாய். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நக்கோவை அவளே அழித்தாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, 'இன்னும் எழுதுறேன்' என்று வாக்கியத்தை முடித்தாள். ஓட்டினால் அந்த இடம் வெறுமையாக வந்தது, நீ வைத்திருந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவைச் சேர்த்தேன். 'போட்டு' என்பதில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. இது தமிழ் என்று லேடெக்குக்குத் தனியாகச் சொன்ன பிறகுதான் முன்னால் வந்து சேர்ந்தது. பிழை பார்த்தே பழகிய கை, அடுத்து 'குடுத்த'வுக்குப் போயிற்று. கொடுத்த என்று திருத்த வேண்டும். திருத்தவில்லை. உன் வீட்டில் யாரும் எதையும் கொடுத்ததில்லை, குடுத்துத்தான் பழக்கம்.

கோப்பு ஓடியது. ஆனால் உள்ளே சமன்பாட்டு எண்கள் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இரட்டைக் கேள்விக்குறிகள் வந்தன. மணியைப் பார்த்து அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி, கைக்கு டென்ஷன்? இன்னொரு தடவ ஓட்டு, எண்ணெல்லாம் தானா வந்து உக்காரும்" என்றேன்.

அவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். மதுரைக்காரி ஏட்டி என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

இன்னொரு தடவை ஓட்டினோம். எண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன.