ஆளில்லாத ஊரின் கிணறு

சின்னசேலம் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். இன்று காலை பஸ் நின்ற இடத்தில் ஒரு புளியமரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை மர வாசனை ஏறியதும் நீ பக்கத்து சீட்டில் இருப்பதாகவே நினைத்துத் திரும்பிவிட்டேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனம் மறியல் செய்த வாரம் உனக்கு மறந்திருக்காது. கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்தில் நாம் இருவர்தான் வாத்தியார்கள். நான் ஊர்த்தெரு, நீ காலனி. மலையில் அதை யார் பார்த்தார்கள்? ஒரே சட்டியில் சமைத்து, ஒரே தம்ளரில் டீ குடித்து ஆறு வருஷம் ஓட்டினோம். சாதியைத் தலைமுழுகிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

பஸ் இல்லாததால் நடந்தே இறங்கினோம். அடிவாரம் தாண்டியதும் ரோடெல்லாம் வெட்டிச் சாய்த்த மரங்கள். "கேக்கறது நியாயந்தான்பா. எங்களுக்கும் கேட்டுத்தானே கெடச்சிது" என்று சொல்லிக்கொண்டே கிளைகளைத் தாண்டினாய். உச்சி வெயிலில் ஒரு ஊர் வந்தது. போலீசுக்குப் பயந்து சனமெல்லாம் ஓடியிருந்தது. கதவுகள் திறந்தே கிடந்தன. ஏதோ அடுப்பில் சோறு தீய்கிற வாடை. நாய்கூடக் குரைக்கவில்லை. ஆனாலும் வாசலுக்கு வாசல் யாரோ நின்று நம்மைப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தி, அங்கே கிடந்த சொம்பில் மொண்டு உன் பக்கம் திரும்பினேன். நீ கை நீட்டினாய். என் கை சொம்பைக் கொடுக்கவில்லை. தோள் உயரத்துக்கு எழுந்து அங்கிருந்து சாய்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் தூக்கவில்லை. என் அப்பா களத்துமேட்டில் ஆட்களுக்கு ஊற்றுகிற அதே உயரம். நீயும் அந்த நொடியே குனிந்து இரண்டு கையையும் குவித்துவிட்டாய். அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

குடிக்காமல் நிமிர்ந்தாய். தண்ணீர் மண்ணில் கொட்டியது.

"ஊர்ல ஒரு ஈ காக்கா இல்ல. யாருக்குப் பயந்துக்கினு தூக்கிப் புடிச்ச?"

வெறுப்புதான் சாதியை வளர்க்கிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். உன்மேல் எனக்கு என்ன வெறுப்பு? அதன்பிறகும் கூடவேதான் சாப்பிட்டோம், தண்ணீரை மட்டும் நீ வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு வந்தாய். ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். "வாயால கேட்டு இன்னா ஆவும்? கைதான் பழவணும்" என்றாய்.

கடைசியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், உன் மனைவி தம்ளரை என்னிடம் தந்துவிட்டு மருந்து வாங்கப் போனார். உன் உதட்டுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் கை நின்றது. அத்தனை வருஷம் கழித்தும் நின்றது. நானாக இறக்கி உதட்டில் வைத்தேன். நீ கண் திறந்து என் கையையே பார்த்தாய். அப்புறம் குடித்தாய்.

இப்போதும் காலனி ஆள் யாருக்காவது தண்ணீர் கொடுக்கும்போது கை முதலில் மேலேதான் போகப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் நான்தான் இறக்குகிறேன்.